புறநகரில் நல்ல சுஷி: கேட்டறிந்து உண்போம்



லண்டன் மாநகரின் வடமேற்கு ஓரத்தில் ஹாரோ என்னும் புறநகர் உள்ளது. தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் ஊர் அது. என் தங்கையின் குடும்பமும் அங்கேதான் வசிக்கிறது. சென்ற ஆண்டு விடுமுறையில் நான் அங்குச் சென்றிருந்தபோது வீட்டில் ஒரு பிணக்கு நிலவக் கண்டேன். பதின்மூன்று வயது மருமகளை அவளுடைய ஜப்பானியத் தோழி தன் வீட்டு விருந்துக்கு அழைத்திருக்கிறாள். மச்சான் மறுத்துவிட்டார். மறுத்ததோடு நில்லாமல், "பச்சை மீன் தின்பவர்கள் வீட்டில் நமக்கு என்ன விருந்து?" என்றும் சொல்லிவிட்டார். அச்சொல் வாசலில் நின்ற தோழியின் காதிலும் விழுந்துவிட்டது. சிறுமி மூன்று நாட்களாக வாப்பாவிடம் பேசவில்லை. என்னைக் கண்டதும் அவள் கேட்ட முதற் கேள்வி, "மாமா, மீன் ஹராமா?" என்பதுதான்.

மச்சானின் அச்சங்கள் இரண்டு. பச்சை மீனால் நோய் வருமோ என்பது ஒன்று. விலக்கப்பட்டது வயிற்றில் போய்விடுமோ என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான அச்சங்களே. ஆயினும் அச்சத்தைத் தீர்க்கும் வழி ஏளனம் அன்று, விசாரிப்பது. அயல்நாட்டுப் புறநகர்களில் வாழும் நம் சகோதரக் குடும்பங்கள் பலவற்றுக்கும் இந்நிலை நேரும் என்பதால், நான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

சுஷி என்பது யாது?

சுஷி என்றால் பச்சை மீன் என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. புளிக்காடி, உப்பு, சர்க்கரை சேர்த்துப் பிசறிய சோறே சுஷியின் உயிர். அச்சொல்லின் வேரே புளிப்பைக் குறிப்பது. சோறின்றி மீனை மட்டும் துண்டமிட்டு வைத்தால் அதற்குச் சஷிமி என்று பெயர். பண்டைக் காலத்தில் மீனை உப்பிட்டுச் சோற்றுக்குள் புதைத்துப் பல மாதம் புளிக்க வைத்து, பின்னர் சோற்றை நீக்கி மீனை மட்டும் உண்டனர். நாம் கருவாடு போட்டது எதற்கோ, அவர்கள் அவ்வாறு செய்ததும் அதற்கே. பீவா ஏரிக்கரையில் இன்றும் அம்முறை வழக்கில் உள்ளது. கையால் பிடித்த சோற்றின்மேல் மீன் துண்டை வைத்துத் தரும் இன்றைய வடிவம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடோ எனப்பட்ட இன்றைய டோக்கியோவின் தெருக்கடைகளில் பரவியது. உழைப்பாளிகள் நின்றபடியே உண்டு சென்ற எளிய உணவு அது.

புறநகரில் எங்கே தேடுவது?

'நல்ல சுஷி வேண்டுமெனில் நகரின் நடுவே பெரும் பொருள் கொடுத்தால்தான் உண்டு' என்பது மற்றொரு தவறான எண்ணம். தட்டுகள் சுழன்று வரும் சுஷிக் கடையை உலகிற்கு முதலில் தந்ததே ஒரு புறநகர்தான். 1958ஆம் ஆண்டு, ஒசாகாவின் கிழக்கே சிறு தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில், ஷிராய்ஷி யோஷியாகி என்பவர் அத்தகைய கடையைத் திறந்தார். பியர் ஆலையில் புட்டிகள் நகரும் பட்டையைக் கண்டு அந்த யோசனை அவருக்குத் தோன்றிற்று. 1970இல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பின் அம்முறை நாடெங்கும் பரவியது.

ஆகவே கடைப் பலகையின் பளபளப்பைத் தேடாதீர்கள், மக்களைத் தேடுங்கள். ஜப்பானியப் பள்ளி, ஜப்பானிய நிறுவனம், ஜப்பானிய மளிகைக் கடை ஆகிய மூன்றில் ஒன்று இருக்குமிடத்தில் நல்ல உணவும் இருக்கக் கூடும். லண்டனின் மேற்கே ஆக்டனில் ஜப்பானியப் பள்ளி 1987இல் குடியேறியது; அதையொட்டி ஜப்பானியக் குடும்பங்களும் கடைகளும் அங்குப் பெருகின. அமெரிக்காவில் சிக்காகோவின் புறநகரான ஆர்லிங்டன் ஹைட்ஸில் 1991இல் யாவோஹான் என்னும் ஜப்பானியப் பேரங்காடி திறக்கப்பட்டது. பின்னர் அது மிட்சுவா என்று பெயர் மாறியது. நம் சென்னையின் புறத்தே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பானிய ஆலைகள் வந்தபோது, அவர்களுடைய பொறியாளர்களுக்காக அவர்கள் நாட்டு உணவும் உடன் வந்ததல்லவா? நாம் எங்குச் சென்றாலும் நம் பிரியாணி பின்தொடர்வது போலத்தான் இதுவும்.

எதைப் பார்ப்பது?

முதலில் சோற்றைப் பாருங்கள். பருக்கை ஒவ்வொன்றும் மினுங்க வேண்டும். கையிலெடுத்தால் உதிராமலும் வாயிலிட்டால் கட்டியாக நில்லாமலும் இருக்க வேண்டும். உடலின் சூட்டை ஒட்டிய இளஞ்சூடே அதற்கு அழகு. குளிர்பெட்டியில் கிடந்த சோறு விறைத்துப் போகும். பேரங்காடிகளில் பெட்டியில் விற்கும் சுஷி சுவைக்காமைக்குக் காரணம் மீனைவிடப் பெரும்பாலும் சோறே.

அடுத்து, உணவுப் பட்டியலைப் பாருங்கள். சிறிய கடையில் நீண்ட பட்டியல் இருந்தால் எல்லா மீனும் அன்றாடம் செலவாகுமா என்று எண்ணிப் பாருங்கள். பட்டியல் சுருங்கியும் கூட்டம் பெருகியும் இருக்கும் கடையே நலம். மீன் வாடை வாசலிலேயே வீசினால் திரும்பிவிடுங்கள்.

'உறைய வைத்த மீன் பழைய மீன்' என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். கடல் மீன்கள் சிலவற்றில் அனிசாகிஸ் என்னும் புழு இருப்பதுண்டு. ஆதலால் பச்சையாக உண்ணப்படும் மீனை, பூச்சியம் பாகைக்குக் கீழே 20 பாகை செல்சியஸ் குளிரில் 24 மணி நேரமேனும், 35 பாகைக் குளிரில் 15 மணி நேரமேனும் உறைய வைக்க வேண்டும் என்பது ஐரோப்பாவில் பொதுவிதி. புழு அபாயமற்ற வளர்ப்பு மீன் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. உறைய வைத்தல் புழுவைக் கொல்லும். ஆனால் கிருமிகள் அனைத்தையும் கொல்லாது. எனவே கடையின் தூய்மை மிக அவசியம். கருவுற்ற தாய்மார்களும் நோயால் மெலிந்தோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே பச்சை மீனை உண்பது நன்று.

எதைக் கேட்பது?

மீன் ஆகுமானது, அதற்கு அறுப்பும் தேவையில்லை. கணவாய், நண்டு முதலியவற்றில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளிடையே உள்ள வேறுபாட்டை நீங்கள் அறிவீர்கள். கவனிக்க வேண்டியவை வேறு. மிரின் என்பது சமையலில் சேர்க்கும் இனிப்பு அரிசி மது. அசல் மிரினில் நூற்றுக்குச் சுமார் 14 பங்கு மதுச்சத்து உண்டு. விலாங்கு மீனின்மேல் பூசும் குழம்பிலும், முட்டை அடையிலும், சில கடைகளில் சோற்றிலும் அது சேரும். டொங்கோட்சு ராமென் என்பது பன்றி எலும்புச் சாற்றில் வரும் நூடுல்ஸ். சோயாச் சாற்றில் புளிக்கும்போதே சிறிது மதுச்சத்து தோன்றுவதுண்டு; இது பற்றி உங்கள் ஊர் ஆலிம்களிடம் தெளிவு பெறுங்கள். ஹலால் சான்று பெற்ற புட்டிகளும் கிடைக்கின்றன.

இவற்றையெல்லாம் மச்சானிடம் சொன்னேன். "சொல்வது எளிது, கேட்டால் அவர்கள் உண்மை சொல்வார்களா?" என்றார். "கேட்டுத்தான் பார்ப்போமே" என்று அனைவரும் புறப்பட்டோம்.

சலவைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே பத்துப் பேர் மட்டும் அமரக்கூடிய சிறு கடை. மச்சான் தயங்கித் தயங்கிக் கேட்டார். முதியவரான சமையற்காரர் கத்தியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் மேசைக்கே வந்தார். "சோற்றில் காடி, உப்பு, சர்க்கரை தவிர வேறில்லை. விலாங்கிலும் முட்டை அடையிலும் மிரின் உண்டு; அவை உங்களுக்கு வேண்டாம்" என்றார். அன்று அவர் கடையில் விலை கூடிய பண்டம் விலாங்குதான். அதை விற்கும் வாய்ப்பை அவரே விட்டுக்கொடுத்தார்.

வெள்ளரிச் சுருளும் சூரை மீன் சுஷியும் வந்தன. உடன் ஒரு கிண்ணத்தில் சூடான சாறு. மச்சான் காயல்பட்டினத்துக்காரர். ஒரு வாய் குடித்தவர் வியப்புடன் நிமிர்ந்தார். "இது நம் மாசி வாசமல்லவா!" என்றார். உண்மைதான். சூரை மீனை அவித்துப் புகையிட்டு உலர்த்திச் சீவிய கட்சுவோபுஷியே அச்சாற்றின் அடிப்படை. நம் மாசிக்கருவாட்டிற்கும் மூலம் அதே சூரைதான். மருமகள் மூன்று நாட்களுக்குப் பிறகு வாப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் மச்சான் தாமே அத்தோழியின் வீட்டிற்குச் சென்று, தாம் சொன்ன சொல்லுக்கு வருத்தம் தெரிவித்து, உண்ணக்கூடியவை இன்னின்ன என்று எடுத்துரைத்து வந்தார். முதலில் அவர்கள் தம் வீட்டிற்கு விருந்துண்ண வரவேண்டும் என்றும் அழைத்தார்.

வாசகர்களே! பேணுதல் நமக்குக் கடமை. ஆனால் பிறர் உணவைப் பழிப்பது பேணுதல் ஆகாது. ஐயம் எழுந்தால் பணிவோடு கேளுங்கள். நல்ல கடைக்காரர் அக்கேள்விக்காக முகம் சுளிக்கமாட்டார். சுளித்தால், அது நல்ல கடை அன்று என்பதற்கு அதுவே போதிய அடையாளம்.