ஹென்றி ஃபோர்டு காட்டுல தொலைச்ச 2 கோடி டாலர்: நம்ம சம்பளத்துக்கு என்ன பாடம்?

"கொடும்பாளூர் பக்கம், திருச்சி-மதுரை நாலு வழிச்சாலையை ஒட்டி அரை ஏக்கர் தேக்குத் தோட்டம். மாசத் தவணை. 15 வருஷத்துல கோடீஸ்வரர்!"

இப்படி ஒரு விளம்பரம் உங்க வாட்ஸ்அப்புக்கு வந்தா என்ன பண்ணுவீங்க? பதில் சொல்றதுக்கு முன்னாடி, உலகத்தோட பெரிய பணக்காரர்கள்ல ஒருத்தர் ஒரு தோட்டத்துல எப்படி மாட்டினார்னு பார்த்துடலாம்.

நடந்தது என்ன?

1920-கள்ல டயருக்கு வேண்டிய ரப்பர் பெரும்பாலும் மலாயா, இலங்கை பக்கமிருந்துதான் போச்சு. மலாயாவுல பால் வெட்டினவங்கள்ல நிறைய பேர் நம்ம புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சி பக்கத்து ஆட்கள். நாகப்பட்டினத்துல கப்பல் ஏறிப் போனவங்க. 1922-ல் பிரிட்டிஷ் அரசு ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டு ரப்பர் விலையைத் தூக்கி நிறுத்தியது.

ஹென்றி ஃபோர்டு சொந்தமாவே ரப்பர் வளர்க்க முடிவு பண்ணினார். 1927-ல் பிரேசிலோட அமேசான் காட்டுல, தபஜோஸ் ஆத்தங்கரையில சுமார் 25 லட்சம் ஏக்கர் வாங்கினார். அமெரிக்க பாணி வீடுகள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்னு ஒரு ஊரே எழும்பியது. பேரு ஃபோர்ட்லாண்டியா. மதுவுக்குத் தடை. 1930 டிசம்பர்ல சாப்பாட்டுக்கூட விதிகளால கலவரமே வெடிச்சது.

மரம் ஏன் வளரல?

ரப்பர் மரத்தோட சொந்த ஊரே அமேசான்தான். ஆனா காட்டுல அது தள்ளித் தள்ளித்தான் நிக்கும். இலைக்கருகல் நோய் உண்டாக்குற பூஞ்சையும் அதே காட்டுல இருக்கு. 1876-ல் ஹென்றி விக்ஹாம் சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அதுல முளைச்ச கன்றுகள் ஆசியாவுக்கு வந்தது. பூஞ்சை கூடவே வரல. அதனால மலாயாவுல நெருக்கமா நட்டும் செழிச்சது.

ஃபோர்டு ஆட்கள் அதே நெருக்க நடவை பூஞ்சையோட வீட்டுக்குள்ளேயே பண்ணினாங்க. தொடக்கத்துல ரப்பர் தெரிஞ்ச நிபுணரே கிடையாது. நோய் இலைக்கு இலை தாவியது. 1934-ல் பெல்தெர்ரான்னு இன்னொரு இடத்துல திரும்ப ஆரம்பிச்சாங்க. அங்கேயும் நோய் வந்தது.

செலவு சுமார் 2 கோடி டாலர். 1945-ல் பிரேசில் அரசுக்கு வித்தது சுமார் 2.5 லட்சம் டாலருக்கு. அதாவது 100 ரூபாய் போட்டு ஒன்றேகால் ரூபாய் எடுத்த கணக்கு. ஃபோர்டு அந்த ஊருக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.

நமக்கு என்ன?

1. நெருக்கமா நடாதீங்க. ஐடி கம்பெனியில வேலை, அதே கம்பெனி ஷேர், ஐடி செக்டார் ஃபண்ட், ஐடி பார்க் பக்கத்துல ஃபிளாட். பார்க்க நாலு முதலீடு. ஒரே நோய் வந்தா நாலும் கருகும்.

2. போட்டதுக்காகத் தொடராதீங்க. "அஞ்சு வருஷம் பிரீமியம் கட்டிட்டேனே"ங்கறது காரணமே இல்ல. இனிமே கட்டப்போற பணம் எவ்வளவு தரும், சரண்டர் பண்ணினா எவ்வளவு, பெய்டு-அப் ஆக்கினா எவ்வளவு? இந்த மூணையும் ஒப்பிட்டு முடிவு எடுங்க.

3. தாங்குற அளவுக்கு மட்டும் போடுங்க. ஃபோர்டு கம்பெனி 2 கோடி டாலர் போயும் நிமிர்ந்து நின்னுச்சு. உங்க சம்பளத்துல பாதி 15 வருஷம் ஒரே இடத்துல போய் முடங்கினா, நீங்க நிப்பீங்களா?

சரி, அந்தத் தேக்கு விளம்பரம்?

1990-கள்ல சென்னையோட அனுபவ் பிளான்டேஷன்ஸ் தேக்குத் திட்டங்கள்ல பணம் போட்டு ஆயிரக்கணக்கானவங்க ஏமாந்தாங்க. 1999-ல் இந்த மாதிரி கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு செபி தனி விதிகளே கொண்டுவந்தது. அதனால முதல்ல செபி பதிவு இருக்கான்னு பாருங்க. நிலம் உங்க பேர்லயே பத்திரம் ஆகுதுன்னா பட்டா, வில்லங்கச் சான்று பாருங்க. கோடை காலத்துல நேர்ல போய் கிணத்துல தண்ணி இருக்கான்னு எட்டிப் பாருங்க. புதுக்கோட்டை வறண்ட மாவட்டம். 15 வருஷம் மரத்தை யார் பார்த்துக்குவாங்க, யார் வாங்குவாங்கன்னு எழுத்துல கேளுங்க.

பதில் மழுப்பலா வந்தா, அந்த மாசத் தவணையை உங்க எமர்ஜென்சி ஃபண்டுக்குத் திருப்பி விடுங்க.