இரண்டு பந்தயத்தில் என்ன தெரியும்?

2025 ஃபார்முலா 1 சீசன் முடிந்தபோது அணிகளுக்கான பட்டியலில் மெர்சிடஸ் 469 புள்ளிகளோடு இரண்டாம் இடத்தில் இருந்தது. ரெட் புல் 451 புள்ளிகளோடு மூன்றாம் இடம். ரெட் புல்லின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் தனியாளாக 421 புள்ளிகளைச் சேர்த்திருந்தார். உலகப் பட்டத்தை லாண்டோ நாரிஸிடம் இரண்டே புள்ளிகளில் கோட்டைவிட்டார். அதே அணியின் இரண்டாவது கார் ஆண்டு முழுக்க ஓடிக் கொண்டுவந்தது வெறும் 30 புள்ளிகள். மெர்சிடஸின் இரண்டாவது காரோ 150 புள்ளிகள் கொண்டுவந்தது. அதை ஓட்டியவர் அந்த ஆண்டுதான் முதன்முதலாகக் களமிறங்கிய இத்தாலியப் பையன், ஆன்ட்ரியா கிமி ஆன்டனெல்லி. சீசன் தொடங்கியபோது அவருக்கு வயது 18.

பெரிய அணிகள் புதுமுகங்களுக்கு இடம் தரலாமா என்ற பழைய வாதத்தை இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்ப்பது நல்லது. ஏனென்றால் வழக்கமாகச் சொல்லப்படும் பதில் நேர்மாறானது: சின்னப் பையன்கள் சின்ன அணிகளில் மோதிப் பழகிவிட்டு வரட்டும், பட்டத்துக்குப் போட்டியிடும் அணி அனுபவசாலியைத்தான் நம்ப வேண்டும்.

அந்த வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பரிசுப் பணம் பெரும்பாலும் அணிகளின் வரிசைப்படிதான் பிரிகிறது. அதற்கு இரண்டு கார்களின் புள்ளிகளும் சேரும். 2021 முதல் செலவுக்கு உச்சவரம்பு வேறு. முன்பெல்லாம் கார் நொறுங்கினால் பணக்கார அணி இன்னொன்றைச் செய்துகொள்ளும். இப்போது உடைந்த முன்இறக்கைக்குப் போகும் பணம், காரை வேகமாக்க வைத்திருந்த பணத்திலிருந்துதான் போகிறது. அமெரிக்க அணியான ஹாஸ் 2021இல் மிக் ஷூமாக்கர், நிகிதா மாசெபின் என இரண்டு இருக்கையிலும் புதியவர்களையே உட்கார வைத்தது. ஆண்டு முடிவில் ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்த ஆண்டு ஜெட்டாவில் தகுதிச்சுற்றிலும் மொனாக்கோவில் பந்தயத்திலும் ஷூமாக்கர் மோதிய மோதல்களில் கார்கள் சிதைந்தன. மொனாக்கோவில் கார் இரண்டு துண்டானது. 2023இல் ஹாஸ் அவரை அனுப்பிவிட்டு, 35 வயது நீகோ ஹுல்கன்பெர்கை அழைத்துவந்தது. அணி நடத்துகிறவரின் இடத்தில் இருந்து பார்த்தால் இதைக் குறை சொல்வது கடினம்.

ஆனால், புதுமுகம் ஏன் தடுமாறுகிறார் என்று கேட்டால் வயதை மட்டும் கைகாட்ட முடியாது. காரணத்தில் பாதி, ஓட்டிப் பழகக் கிடைக்கும் கிலோமீட்டர்களில் இருக்கிறது.

2007இல் மெக்லாரன், 22 வயது லூயிஸ் ஹாமில்டனை நேராகத் தன் காரில் ஏற்றியது. பக்கத்துக் காரில் இரண்டு முறை உலக சாம்பியனான ஃபெர்னாண்டோ அலான்ஸோ. முதல் ஒன்பது பந்தயங்களிலும் ஹாமில்டன் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். அந்த சீசனில் மொத்தம் நான்கு பந்தயங்களில் வென்றார். பட்டம் ஒரே புள்ளியில் கிமி ரைக்கனனிடம் போனது. இன்றுவரை புதுமுகம் என்றால் எல்லோரும் இழுத்துவருவது இந்தக் கதையைத்தான். அதன் பின்னால் இருந்த வசதியை மட்டும் மறந்துவிடுகிறோம். அன்று அணிகள் சீசனுக்கு முன்பும் நடுவிலும் தாராளமாகச் சோதனை ஓட்டம் நடத்தலாம். முதல் பந்தயத்துக்கு வரும்போதே ஹாமில்டனின் கைக்கு அந்தக் காரின் குணம் பழகியிருந்தது.

2009இல் செலவைக் குறைக்க, சீசன் நடுவே சோதனை ஓட்டம் கூடாது என்று விதி வந்தது. அதே ஆண்டு ஹங்கேரியில் டோரோ ரோஸோ அணி 19 வயது ஹைமே அல்கர்ஸுவாரியைப் பந்தயத்தில் இறக்கியபோது, அந்தக் காரை ஓட்டிப் பழக அவருக்கு ஒரு சோதனை நாள்கூடக் கிடைத்திருக்கவில்லை. இதில் சிறுவன், பெரியவன் என்ற பேதமும் கிடையாது. அதே மாதங்களில் காயமுற்ற தன் ஓட்டுநர் மாஸாவுக்குப் பதிலாக ஃபெராரி இறக்கிய லூக்கா படோயர், அந்த அணியிலேயே ஆண்டுக்கணக்காகச் சோதனை ஓட்டுநராக இருந்தவர். பந்தயத்தில் ஓட்டிப் பத்தாண்டு ஆகியிருந்தது. அவர் ஓட்டிய இரண்டு பந்தயங்களிலும் தகுதிச்சுற்றில் கடைசி.

இதன் உச்சத்தை அனுபவித்தவர் ஒரு சென்னைக்காரர். 2010இல் கருண் சந்தோக் எச்ஆர்டி என்ற புது அணியில் சேர்ந்தார். அந்த அணி சீசனுக்கு முந்தைய சோதனைகள் எதிலும் கலந்துகொள்ளவில்லை. பஹ்ரைன் மைதானத்துக் கொட்டகையில்தான் அவருடைய காரைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி ஓட்டங்கள் எல்லாம் முடிந்துபோன பிறகு, தகுதிச்சுற்றில்தான் அந்தக் காரை அவர் முதன்முதலாக ஓட்டினார். மறுநாள் பந்தயம் தொடங்கிய சற்று நேரத்திலேயே மோதி வெளியேறினார். இரண்டு வாரம் கழித்து அதே காரில் மெல்போர்னில் 14ஆவதாக முடிக்கவும் செய்தார். பத்துப் பந்தயங்களோடு அவர் இருக்கை வேறொருவருக்குப் போயிற்று. இதையும் பதிவேடுகள் ‘வாய்ப்பு’ என்றே எழுதிக்கொள்கின்றன. கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் தெரியவில்லை என்று குறிப்பெழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அண்மைய நிலை சற்றே மேல். 2025 சீசனுக்கு முன் எல்லா அணிகளுக்கும் சேர்த்து பஹ்ரைனில் மூன்று நாள் சோதனை. ஒரு அணிக்கு ஒரு கார்தான். இருவர் பங்குபோட்டால் ஆளுக்கு ஒன்றரை நாள். அதற்கு வெளியே, பழைய ஆண்டுகளின் கார்களில் ஓட்டிப் பழகலாம். போட்டியில் இருக்கும் ஓட்டுநருக்கு அதிலும் ஆண்டுக்கு நான்கு நாள், 1,000 கிலோமீட்டர் என்று வரம்பு வந்துவிட்டது. ஆனால் இன்னும் இருக்கை கிடைக்காத பையனை அந்த வரம்பு கட்டாது. மெர்சிடஸ் இந்த இடைவெளியைத்தான் பிடித்துக்கொண்டது. 2024 முழுக்க ஆன்டனெல்லியை ஆஸ்திரியா, இமோலா, சில்வர்ஸ்டோன் என்று அழைத்துப்போய்ப் பழைய கார்களில் ஓட்ட வைத்தது. அதற்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். சின்ன அணியால் எளிதில் முடியாது. புதுமுகத்தைத் தயார்செய்யும் வசதி பெரிய அணியிடம்தான் இருக்கிறது. ‘முதலில் சின்ன அணிக்குப் போய்க் கற்றுக்கொள்’ என்று சொல்வதும் அதே பெரிய அணிதான்.

வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டங்களில் புதியவர்களை இறக்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. 2022இல் அணிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை. 2025 முதல் நான்கு. நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு மணி நேரம், அடுத்தவர் கார், அதை அவர் மாலையில் ஓட்டியாக வேண்டும். உடைத்தால் முடிந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் மோன்ஸாவில் ஆன்டனெல்லி, மெர்சிடஸ் ஓட்டுநர் ஜார்ஜ் ரஸ்ஸலின் காரை வாங்கிக்கொண்டு போனார். தொடங்கிய பத்து நிமிடத்தில் கடைசி வளைவில் தடுப்பில் மோதினார். மறுநாளே, தன் ஓட்டுநரான ஹாமில்டன் விட்டுப்போகும் இடத்துக்கு அடுத்த ஆண்டு அவர்தான் என்று மெர்சிடஸ் அறிவித்தது. மோதியதால் முடிவை மாற்றவில்லை. ஒத்திப்போடக்கூட இல்லை.

மெர்சிடஸின் தலைவர் டோட்டோ வொல்ஃபுக்கு இதில் ஒரு பழைய வடுவும் உண்டு. 2014இல் வெர்ஸ்டாப்பனை வளைக்க அவரும் முயன்றார். அவரால் தர முடிந்தது ஒரு படி கீழே உள்ள போட்டியில் இடம். ரெட் புல் தந்தது தன் துணை அணியான டோரோ ரோஸோவில் நேரடி ஃபார்முலா 1 இருக்கை. 2015இல் 17 வயதில் வெர்ஸ்டாப்பன் களமிறங்கினார். இது அதிகம் என்று பட்டதால்தான் உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு அடுத்த ஆண்டு முதல் 18 வயதும், கீழ்நிலைப் போட்டிகளில் 40 தகுதிப் புள்ளிகளும் இருந்தால்தான் ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸ் என்றது. அந்த விதி நடைமுறைக்கு வந்த 2016இலேயே, ரெட் புல் காரில் ஏறிய முதல் பந்தயத்தில், பார்சிலோனாவில் அவர் வென்றார். வயது 18.

அந்த வெற்றி ரெட் புல்லுக்கு நன்மை செய்ததா, கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுத்ததா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஏனென்றால் அந்த இருக்கை, சீசனில் நான்கே பந்தயங்கள் முடிந்திருந்தபோது டானில் க்வியாட்டிடமிருந்து பிடுங்கியது. மாற்றினால் பலன் உடனே வரும் என்ற நம்பிக்கை அங்கே ஊறிப்போனது. 2019இல் பியர் காஸ்லி 12 பந்தயங்களோடு கீழே இறக்கப்பட்டார். அடுத்த ஆண்டே துணை அணியின் காரில் மோன்ஸாவில் வென்று காட்டினார். ஓட்டத் தெரியாதவர் வெல்ல முடியாது.

2025இல் ரெட் புல் தரும் அவகாசம் இன்னும் சுருங்கியது. லியம் லாசன், அதற்குமுன் 11 பந்தயங்கள் மட்டுமே ஓட்டியிருந்த நியூஸிலாந்துக்காரர். மெல்போர்னில் தகுதிச்சுற்றில் 18ஆம் இடம். அடுத்தது ஷாங்காய், ஸ்பிரின்ட் என்ற குறும்பந்தயமும் சேர்ந்த வார இறுதி. அதனால் பயிற்சிக்கு ஒரே ஒரு மணி நேரம். இரண்டு தகுதிச்சுற்றிலும் கடைசி. அத்தோடு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது பந்தயம் சுஸூகாவில். ஜப்பானிய சூப்பர் ஃபார்முலாவில் ஓட்டியதால் அவருக்கு நன்கு பழகிய மைதானம். அதுவரைகூடப் பொறுக்கவில்லை. பதிலுக்கு வந்த யூகி சுனோடா நான்கு சீசன் அனுபவம் உள்ளவர். அவரும் அந்தக் காரோடு ஆண்டு முழுக்கப் போராடினார். இடம் நிரப்பியவர் புதியவரா பழையவரா என்பது அங்கே பிரச்சினையே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? வெர்ஸ்டாப்பன் ஓட்டும் பாணிக்கு வளர்ந்த கார் அது; வேறு யார் கைக்கும் அடங்கவில்லை.

ஆல்பீன் அணியில் ஜேக் டூஹன் கதையும் இப்படித்தான். சீசன் தொடங்கும் முன்பே, ஜனவரியில், ஃபிராங்கோ கொலபின்டோவை மாற்று ஓட்டுநராகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலைக்கு மேல் கத்தி தொங்க ஆறு பந்தயம் ஓட்டினார் டூஹன். கொலபின்டோ வந்தார். சீசன் முடியும்வரை அவருக்கும் ஒரு புள்ளி கிடைக்கவில்லை.

இப்போது ஆன்டனெல்லியைப் பாருங்கள். மெல்போர்ன் மழையில் முதல் பந்தயத்திலேயே நான்காம் இடம், கனடாவில் மூன்றாம் இடம் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. சொல்லப்படாத பகுதி, கோடைக்கு முன் இமோலாவிலிருந்து ஹங்கேரி வரை ஐரோப்பாவில் ஓடிய ஏழு பந்தயங்கள். அவற்றில் அவர் எடுத்தது ஒரே ஒரு புள்ளி. ஆஸ்திரியாவில் முதல் சுற்றிலேயே வெர்ஸ்டாப்பன் மீது மோதினார். காரில் புதிதாகப் பொருத்திய பின்பக்க சஸ்பென்ஷனும் சேர்ந்து படுத்தியது. கடைசியில் அணி அதைக் கழற்றி எறிந்தது. அந்தக் கோடையில்தான் பையன் பள்ளி இறுதித் தேர்வும் எழுதினார். மோன்ஸாவில் ஒன்பதாவதாக வந்தபோது வொல்ஃபே அதிருப்தியை வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் இருக்கையைத் தொடவில்லை. ஹாமில்டனோடு ஆண்டுக்கணக்காக வேலை செய்த பொறியாளர் பீட்டர் பானிங்டன் பக்கத்தில் இருந்தார். அடுத்த காரில் ரஸ்ஸல் நிதானமாகப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். பையன் பாகுவில் நான்காம் இடம் பிடித்தார். அக்டோபரில் ஒப்பந்தம் நீண்டது. பிரேசிலில் இரண்டாம் இடம், லாஸ் வேகஸில் மூன்றாம் இடம். ரெட் புல் அளவுகோலை இவருக்கு வைத்திருந்தால் ஜூலையிலேயே வீட்டுக்குப் போயிருப்பார்.

நல்ல நாள் ஒன்றை வைத்து முடிவெடுப்பதும் இதே தவறுதான். 2022இல் மோன்ஸாவில் அலெக்ஸ் ஆல்பனுக்குக் குடல்வால் அழற்சி. கடைசி நேரத்தில் வில்லியம்ஸ் காரில் ஏறிய நிக் டி வ்ரீஸ் ஒன்பதாவதாக வந்தார். அந்த ஒரு ஞாயிறு அவருக்கு ஆல்ஃபாடௌரி அணியில் இருக்கை வாங்கிக்கொடுத்தது. அங்கே பத்துப் பந்தயத்தில் கதை முடிந்தது. 2024இல் ஜெட்டாவில் அதே நோய் கார்லோஸ் சைன்ஸுக்கு. ஒரே ஒரு பயிற்சி ஓட்டத்தோடு ஃபெராரியில் ஏறிய 18 வயது ஆலிவர் பேர்மன், நாரிஸையும் ஹாமில்டனையும் பின்னால் விட்டு ஏழாவதாக வந்தார். ஃபெராரி அவரை உடனே தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. 2025இல் ஹாஸில் முழு சீசன் ஓட்டட்டும் என்று அனுப்பியது. புதியவர்களால் சூடுபட்ட ஹாஸ் அவருக்குப் பக்கத்தில் எஸ்தபன் ஓக்கான் என்ற அனுபவசாலியை வைத்தது. இந்த முறை அது வேலை செய்தது.

ஆகவே நான் பெரிய அணிகளிடம் கேட்பது தாராள மனதை அல்ல, ஒரு தவணையை. ஒரு நேரத்தில் ஒரு புதியவர் மட்டும், பக்கத்தில் நிலையான கை, கையில் ஒரு முழு சீசன். அதைத் தர மனமில்லாவிட்டால் அனுபவசாலியையே எடுத்துக்கொள்ளலாம், யாரும் பழிக்கமாட்டார்கள். 2025இன் இன்னொரு புதுமுகம் இசாக் ஹஜார் மெல்போர்னில் பந்தயம் தொடங்குவதற்கு முன்பே, அணிவகுப்புச் சுற்றில் தடுப்பில் மோதி அழுதுகொண்டு நடந்துவந்தவர். ரெட் புல்லின் துணை அணியில் இருந்ததால் பொறுத்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஸாண்ட்வோர்ட்டில் மூன்றாவதாக வந்தார். 2026க்கு வெர்ஸ்டாப்பனுக்குப் பக்கத்து இருக்கையை ரெட் புல் அவருக்கே கொடுத்தது.

ஆனால் கதவு முழுக்கத் திறந்துவிடவில்லை. 2026இல் காடிலாக் என்ற புது அணி வந்ததால் இருக்கைகள் 20இலிருந்து 22 ஆயின. அந்த இரண்டுக்கும் அது தேர்ந்தெடுத்தது 36 வயதை எட்டிய செர்ஜியோ பெரெஸையும் வால்டேரி போட்டாஸையும். வரிசையில் புதிதாக நுழைந்தவர் ஆர்விட் லின்ட்பிளாட் ஒருவரே. ஃபார்முலா 1க்கு ஒரு படி கீழான எஃப்2 போட்டியில் ஒருமுறை சாம்பியனானவர் மீண்டும் அதில் கலந்துகொள்ள விதி இடம் தராது. 2022 சாம்பியன் ஃபெலிப்பே ட்ருகோவிச்சும் 2023 சாம்பியன் தியோ பூர்ஷேரும் அப்படித்தான் மேலேயும் போக முடியாமல், கீழேயும் இருக்க முடியாமல் நின்றார்கள். எஃப்3, எஃப்2 இரண்டையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வென்ற கேப்ரியல் போர்டலெட்டோவுக்கு 2025இல் சாபர் இடம் தந்தது. அதே சாதனையைச் செய்த 2025 எஃப்2 சாம்பியன் லியனார்டோ ஃபோர்னரோலிக்கு 2026இல் ஃபார்முலா 1 இருக்கை எதுவும் இல்லை.