வாளித் தண்ணீரில் ஓடிய ரயில்

1950 நவம்பர். கொரியாவின் பூசான் துறைமுகத்தில் இந்திய ராணுவப் பிரிவு ஒன்று வந்து இறங்கியது. சண்டைக்கு அல்ல, சிகிச்சைக்கு. கொரியப் போருக்கு இந்தியா போர்ப்படை அனுப்பவில்லை. 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவைத்தான் அனுப்பியது. தலைமை ஏற்றவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். 1941-லேயே பாராசூட்டில் குதித்துப் பயிற்சி பெற்ற மருத்துவர்!

பியோங்யாங் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சீனப் படை நெருங்கிவிட்டது. பின்வாங்க வேண்டும். ஆனால் பிரிவிடம் போதிய வண்டி இல்லை. கருவிகளைப் போட்டுவிட்டுக் கிளம்பலாம்தான். கத்தியும் மருந்தும் இல்லாத மருத்துவப் பிரிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தேடியதில் ஒரு நீராவி எஞ்சினும் சில பெட்டிகளும் கிடைத்தன. கொதிகலனுக்குத் தண்ணீர் வேண்டுமே! வரிசையாக நின்று, வாளி வாளியாகக் கை மாற்றி நிரப்பினார்கள். எஞ்சின் ஓட்டவும் அவர்களுக்குள்ளேயே ஆள் இருந்தது. பாலம் தகர்க்கப்படுவதற்குள் ரயில் ஆற்றைத் தாண்டிவிட்டது, கருவிகளோடு.

பிறகு பிரிவு இரண்டானது. ஒரு பகுதி போர்முனையில். இன்னொன்று தேகு நகரில் பொதுமக்களுக்கும் வைத்தியம் பார்த்தது. 1951 மார்ச்சில் முன்சான் அருகே அமெரிக்க வான்குடைப் படை குதித்தபோது, ரங்கராஜும் அவருடைய ஆட்கள் சிலரும் கூடவே குதித்தார்கள். அவருக்கு மகாவீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. பிரிவு ஊர் திரும்பியது 1954-இல்.