பூனா பழைய இரும்பிலிருந்து பந்தய வானம் வரை

அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து கிளம்பும் கடற்படையின் பி-8ஐ விமானங்களை வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டைப் பக்கத்து மக்கள் அண்ணாந்து பார்த்துப் பழகியவர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுதளம் அது. 1992 மார்ச் 11 அன்று கடற்படைத் தளமானது. அங்கே பி-8ஐ விமானங்களை இயக்கும் 312-ஆம் அணிக்கு ஒரு முன்கதை உண்டு. 1976-இல் அந்த அணி தொடங்கியபோது அதனிடம் இருந்தவை சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு ரைட் ஆர்-3350 எஞ்சின்கள். ஓர் எஞ்சினுக்குப் 18 சிலிண்டர், ஏறத்தாழ 55 லிட்டர் கொள்ளளவு. நம்மிடம் அவை ஓய்வுபெற்று நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவில் அதே குடும்பத்து எஞ்சின்களைப் பழைய போர் விமானங்களின் மூக்கில் பொருத்திப் பந்தயத்தில் பறக்கிறார்கள்.

நெவாடா மாநிலத்து ரீனோவில் 1964-இல் தொடங்கிய பந்தயம் 2023 வரை அங்கேயே நடந்தது. 2025-இல் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லுக்கு இடம் மாறியது. தரையில் நட்ட கம்பங்களைச் சுற்றிச் சுற்றிப் பறக்க வேண்டும். ரீனோவின் பெரிய பிரிவில் ஒரு சுற்று ஏறத்தாழ 13 கிலோமீட்டர். தரையிலிருந்து சில பத்து மீட்டர் உயரத்தில், மணிக்கு 800 கிலோமீட்டரை ஒட்டிய வேகம். வளைவில் விமானத்தை 75 பாகை சாய்த்தால், உயரம் குறையாமல் திரும்புவதற்கு விமானியின் உடல் தன் எடையைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கைச் சுமக்க வேண்டும். அறுபது கிலோ ஆள் 230 கிலோவாகிவிடுவார். ஒவ்வொரு வளைவிலும் இதே கதிதான்.

இந்தப் பந்தயத்தில் ஓடும் சீ ஃபியூரி என்ற விமானத்துக்கும் நமக்கும் உறவு உண்டு. அதன் நேரடி மூதாதை ஹாக்கர் டெம்பஸ்ட். விடுதலை பெற்ற காலத்தில் இந்திய விமானப்படையின் முதன்மைப் போர் விமானங்களில் ஒன்று அது. 1947-48 காஷ்மீர்ப் போரில் பறந்தது. ஐம்பதுகளில் ஜெட் விமானங்கள் பெருகியதும் டெம்பஸ்டுகள் மூலையில் ஒதுங்கின. எழுபதுகளின் இறுதியில் பூனாவில் கிடந்த எலும்புக்கூடுகளை இங்கிலாந்துக்காரர்கள் வாங்கிப் போனார்கள். அவற்றில் ஒன்றான எம்.டபிள்யூ. 763, பல கைகள் மாறி, பல ஆண்டு வேலைக்குப் பிறகு, 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் சைவெல் விமானத்தளத்திலிருந்து மீண்டும் மேலே எழுந்தது. நாம் பழைய இரும்பாகக் கழித்த பொருள் அது.

நம்மிடம் இருந்த டெம்பஸ்ட், சீ ஃபியூரி இரண்டிலும் பிரிஸ்டல் சென்டாரஸ் எஞ்சின் இருந்தது. வழக்கமான வால்வுகள் அதில் கிடையாது. சிலிண்டருக்குள் நழுவும் உலோக உறைதான் காற்றை உள்ளே விட்டு வெளியேற்றும். அருமையான வடிவமைப்பு. ஆனால் உதிரி பாகமும் கைதேர்ந்த ஆளும் கிடைப்பது அரிது. அதனால்தான் பந்தயக்காரர்கள் பலர் சென்டாரஸைக் கழற்றிவிட்டு ஆர்-3350-ஐ வைத்தார்கள். பர்மா விமானப்படையிடமிருந்து அமெரிக்கா போன ஒரு சீ ஃபியூரிக்கு 28 சிலிண்டர் ஆர்-4360 எஞ்சினையே பூட்டினார்கள். டிரெட்நாட் என்று பெயரிடப்பட்ட அந்த விமானம் 1983-இல் ரீனோ பட்டத்தை வென்றது.

பெரிய எஞ்சின் போட்டால் வேகம் வந்துவிடுமா? அவ்வளவு எளிதல்ல. வேகம் இரட்டிப்பானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை எதிர்த்து முன்னேறத் தேவையான திறன் எட்டு மடங்காகும். மறுபக்கம் திருப்பிச் சொன்னால், எஞ்சின் திறனை இரண்டு மடங்காக்கினாலும் வேகம் 26 சதவீதம்தான் கூடும். ஆகவே பந்தய அணிகள் தடையைக் குறைப்பதில் உயிரை விடுகின்றன. இறக்கையின் நுனிகளை வெட்டுகிறார்கள். விமானி தலைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூட்டைச் சின்னதாக்குகிறார்கள். தகடுகளின் மூட்டுகளையும் ரிவிட் தலைகளையும் நிரப்பித் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். துப்பாக்கி, கவசம் எல்லாம் எப்போதோ போய்விடும்.

பிறகு வெப்பம். இந்தப் பந்தயத்தில் பறக்கும் மற்றொரு பழைய போர் விமானமான மஸ்டாங்கின் மெர்லின் எஞ்சின் 27 லிட்டர்தான். போர்க்காலத்தில் சுமார் 1,500 குதிரைத்திறன் தந்த அதிலிருந்து இன்று 3,000-க்கும் மேல் பிழிகிறார்கள். அத்தனை அழுத்தத்தில் எரிபொருள் நேரம் தவறித் தானே வெடித்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். அதைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த கரைசலை உள்ளே போகும் காற்றோடு சேர்த்துப் பீய்ச்சுகிறார்கள். அது ஆவியாகும்போது கலவையின் சூட்டை எடுத்துக்கொள்ளும். ரேடியேட்டர் மேலும் தண்ணீர் தெளிப்பார்கள். வேலூர் வெயிலில் மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கும் இதே இயற்பியல்தான் காரணம்.

அடுத்த தடை ஒலியின் வேகம். மெர்லினை நிமிடத்துக்கு 3,400 சுற்று ஓட்டினால், பழைய பல்சக்கர விகிதத்தில் புரொப்பெல்லர் ஏறத்தாழ 1,630 சுற்று சுழலும். 3.4 மீட்டர் விட்டமுள்ள அதன் நுனி நொடிக்கு 290 மீட்டர் ஓடும். விமானம் முன்னோக்கிச் செல்லும் வேகமான 222 மீட்டரையும் முறைப்படி சேர்த்தால் 365 மீட்டர் வருகிறது, ஒலியைவிட வேகம். நுனியில் அதிர்ச்சி அலை கிளம்பி எஞ்சின் திறனைத் தின்றுவிடும். புரொப்பெல்லர் மெதுவாகச் சுழலும்படி பல்சக்கரங்களை மாற்றுவது இதற்காகத்தான். இத்தனையும் செய்தபின், 2017-இல் வூடூ என்ற மஸ்டாங் மூன்று கிலோமீட்டர் நேர்கோட்டில் மணிக்கு 855 கிலோமீட்டரைத் தொட்டது. அசல் மஸ்டாங்கின் உச்சம் 700 சொச்சம். அதுவும் காற்று மெலிந்த ஏழு கிலோமீட்டர் உயரத்தில்.

இவ்வளவு துணிச்சலுக்கு விலையும் உண்டு. 2011 செப்டம்பர் 16 அன்று ரீனோவில் கேலப்பிங் கோஸ்ட் என்ற மஸ்டாங் பார்வையாளர் பகுதியில் விழுந்து, விமானியோடு சேர்த்து 11 பேர் இறந்தனர். விசாரணை ஒரு சின்னப் பொருளில் போய் நின்றது: வாலிலுள்ள டிரிம் தகட்டைப் பிடித்திருந்த லாக் நட்டுகள். நட்டுக்குள் இருக்கும் வளையம் தேய்ந்து பிடிப்பை இழந்திருந்தது, திருகுகள் தளர்ந்தன, தகடு படபடத்து உடைந்தது. விமானம் 17 மடங்கு ஈர்ப்பு விசையோடு மேல்நோக்கி எகிறியதில் விமானி கணத்தில் செயலிழந்தார். வெப்பம், இறக்கை, புரொப்பெல்லர் என்று பெரிய கணக்கெல்லாம் போட்ட விமானம், கழற்றியபோதே தூக்கி எறிந்திருக்க வேண்டிய நட்டால் வீழ்ந்தது. மாற்றங்களைப் பந்தய வேகத்தில் முறையாகச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதும் தெரியவந்தது.

பழைய விமானத்தை மீட்பவர்களின் நாள் பெரும்பாலும் அரிப்போடு போராடுவதில்தான் கழிகிறது. அலுமினியக் கலவை இரும்பைப்போல் சிவந்து உதிராது. உள்ளுக்குள் படலம் படலமாக வீங்கி இலை இலையாகப் பிரியும். வெளியே பளபளக்கும் இறக்கைச் சட்டம் உள்ளே மாவாகியிருக்கலாம். அதனால் ரிவிட்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுத்து, எஃகு பாகங்களில் காந்தத்தூள் தூவி விரிசல் தேடுகிறார்கள். தகடுகளுக்குள் தென்படும் மஞ்சள் கலந்த பச்சைப் பூச்சு ஜிங்க் குரோமேட். அரிப்பைத் தடுக்க அன்றைய தொழிற்சாலைகள் பூசியது. தோல் பதனிடும் ஊரான ராணிப்பேட்டைக்குக் குரோமியத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தோல் பதனிடப் பயன்படுவது ஓரளவு சாதுவான மூன்றிணை குரோமியம். விமானப் பூச்சில் இருப்பதோ புற்றுநோயை வரவழைக்கும் ஆறிணை வகை. ராணிப்பேட்டையில் மூடிய ஆலையொன்றின் கழிவு மேட்டிலிருந்து கசிந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கியதும் அதுதான். பழைய பூச்சைச் சுரண்டுபவர் முகமூடியில்லாமல் வேலை செய்யவே கூடாது.

நம் கைக்கு இந்த வித்தை தெரியாதா? போர் முடிந்தபோது கான்பூரில் வேண்டுமென்றே சேதப்படுத்திக் கைவிட்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை, 1948-இலிருந்து இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் பொறியாளர்கள் ஓட்டைகளை அடைத்துப் பெங்களூருவுக்கே பறக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். அப்படி மீட்ட ஏறத்தாழ நாற்பது விமானங்கள் 1968 வரை விமானப்படையில் இருந்தன. அதே நாட்டின் விமானப்படை, தன் பாரம்பரிய அணிக்கான டைகர் மாத்தையும் டகோட்டாவையும் இங்கிலாந்தில் மீட்டுக் கொண்டுவர நேர்ந்தது. பறக்கவைக்கும் பழக்கம் விட்டுப்போனால் கைத்திறனும் விட்டுப்போகும்.

எஞ்சின் மாற்றி, இறக்கை வெட்டிப் பந்தயம் விடுவது சரியா என்றால், எண்ணிக்கையில் மிகுந்த மஸ்டாங்குகளிலும் சீ ஃபியூரிகளிலும் செய்யட்டும். அந்தப் பட்டறைகளால்தான் பழைய எஞ்சின்களைப் புரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய டெம்பஸ்டில் ஓர் ஆணியைக்கூட மாற்றக் கூடாது என்பேன்.

சென்னை கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் மையத்தில் ஒரு மாருத் போர் விமானம் நிற்கிறது. ஜெர்மனியின் கர்ட் டேங்க் வடிவமைத்து, 1961-இல் பெங்களூருவில் முதலில் பறந்த, இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானம் அது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் நின்ற இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துத்தான் அப்துல் கலாம் வானூர்திப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். ஊர் ஊராகக் காட்சிக்கு நிற்கும் இத்தகைய விமானங்களுக்கு வெளியே பெயின்ட் அடிப்பதோடு நிறுத்தாமல், ஐ.டி.ஐ., பொறியியல் மாணவர்களைக் கொண்டு தகடுகளைத் திறந்து அரிப்பைச் சோதித்து, முறையாகப் பராமரிக்க அரசும் விமானப்படையும் இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும்.