முகம் துடிப்பதும் மரத்துப்போவதும்

கண் துடித்தால் சகுனம் பார்ப்பது நம்மவரிடையே நெடுங்கால வழக்கம். உடற்கூறு நூலோ வேறு விளக்கம் தருகிறது. மூளையிலிருந்து நேரே புறப்படும் 12 இணை நரம்புகளுள் ஐந்தாவது, முகத்தின் தொடுவுணர்ச்சியை மூளைக்குக் கொண்டு செல்கிறது; ஏழாவது, முகத் தசைகளை இயக்குகிறது. மரத்துப்போதல் முன்னதையும், துடிப்பும் கோணலும் பின்னதையும் சார்ந்தவை.

இமை மட்டும் துடிப்பதற்குத் தூக்கக்குறைவு, களைப்பு, மனக்கவலை, மிகுதியான காப்பி ஆகியவையே பெரும்பாலும் காரணம். ஓய்வு கொண்டால் அது தானே அடங்கும். ஒரு பக்க முகம் முழுவதும் அடிக்கடி வெட்டி வெட்டி இழுக்குமாயின், இரத்தக் குழாய் ஒன்று ஏழாவது நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். வாயைச் சுற்றிலும் விரல் நுனிகளிலும் சுருசுருவென்று மரத்துத் தசையும் இழுத்தால், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கக்கூடும். தோல் வெளுத்த இடத்தில் மட்டும் உணர்ச்சி அற்றிருப்பின், தொழுநோய்ச் சோதனை தேவை. அந்நோய் முற்றிலும் குணமாகக்கூடியது. அரசு மருத்துவமனைகளில் அதற்கு மருந்து இலவசம்.

வடநாட்டுக் குளிர்காலத்தில் ஒருவர் காலையில் எழும்போது வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தால், "குளிர்காற்று பட்டுவிட்டது" என்று தைலம் தடவிக் காத்திருக்கிறோம். அபாயம் இங்கேதான் உள்ளது. அது முகவாதமாக இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். முகவாதத்தில் அந்தப் பக்கத்து நெற்றி சுருங்காது; கண்ணும் சரியாக மூடாது. பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். ஆனால் கை தளரலாம், பேச்சுக் குழறலாம், உடலின் ஒரு பாதி மரத்துப்போகலாம். இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது நன்று. எனினும் வீட்டிலேயே நாம் தீர்ப்புக் கூறுதல் தகாது.

முகவாதத்துக்கு 3 நாட்களுக்குள் மருந்து தொடங்குவது நலம்; மூடாத கண்ணையும் உலராமல் காக்க வேண்டும். பக்கவாதத்திலோ, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் மூளையில் இரத்தக் கசிவு இல்லையென்பதைப் படமெடுத்து உறுதி செய்ய வேண்டும். ஆகவே சி.டி. ஸ்கேன் கருவியுள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்லுதல் வேண்டும். எம்மாநிலத்திலிருந்தும் 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

நோயாளி கடைசியாக நலமுடன் இருந்த நேரத்தையே மருத்துவர் முதலில் கேட்பார். அதை ஒரு தாளில் இலக்கத்தில் குறித்து, அவர் உட்கொள்ளும் மருந்துகளையும் எடுத்துச் செல்வோமாக. நமக்கு மொழி தெரியாத ஊரிலும் இலக்கம் எவருக்கும் விளங்கும்.