உழவர் உதவித்தொகையும் குத்தகை உழவரும்

ஏரிப் பாசனத்திற்குப் பெயர்பெற்றது செங்கற்பட்டுச் சீமை. மதுராந்தகம் ஏரியின் ஆயக்கட்டு முதல் மாமல்லபுரத்தை அடுத்த கடலோரச் சிற்றூர்கள் வரை நெல் விளைகிறது. இவ்வுழவர்க்கும் பயன்படும் வண்ணம் நடுவண் அரசு 2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிரதமர் கிசான் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கிலேயே சேர்கிறது.

ஆயினும் இதற்கு அளவுகோல் உழைப்பன்று, நிலவுடைமையே. விதை, உரம், கூலி அனைத்தையும் தாமே ஏற்றாலும், பட்டா இல்லாத குத்தகை உழவர் இத்தொகையைப் பெறார். மறுபுறம், தகுதியற்றோர் பல இலட்சம் பேர் தமிழகத்தில் இத்திட்டத்துள் நுழைந்தது 2020இல் வெளிப்பட்டது.

குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழகத்தில் 1969ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. எனினும் குத்தகை பெரும்பாலும் வாய்மொழியாகவே நிகழ்கிறது. பதிந்துவிட்டால், குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற 1955ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் இடந்தராது என உடைமையாளர் அஞ்சுகின்றனர். பதிவு கேட்டால் அடுத்த போகத்திற்கு நிலம் கிட்டாது என உழவர் அஞ்சுகின்றனர். இவ்விரு அச்சங்களுக்கிடையே உழைப்பவர் பெயர் ஏட்டில் ஏறுவதில்லை.

ஆந்திர அரசு 2019இல் நிலமற்ற குத்தகை உழவருள் சில பிரிவினரையும் தன் உதவித் திட்டத்தில் சேர்த்தது. எனவே இது இயலாத செயலன்று. உழுபவரைக் கணக்கிற் கொள்ளாத உதவி, உழவுக்கு உதவியாகுமா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.