உங்களுக்குத் தெரியுமா? வேங்கிக்காலில் இருந்து கோடம்பாக்கம்!

சினிமா படிக்க ஆசையா? சினிமாவில் வேலைக்குச் சேர ஆசையா? வேங்கிக்கால் தம்பிகளே, தங்கைகளே, இந்தப் பக்கம் உங்களுக்காகவே! கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் பஸ் வருவதற்குள் படித்து முடித்துவிடலாம். முடித்த பிறகு பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் சொல்லாமல் இருக்க முடிகிறதா, பாருங்கள்!

உங்கள் ஊர் வழியாகப் போகிறதே வேலூர் சாலை, அது போய்ச் சேரும் வேலூரில் பிறந்தவர்தான் ஆர்.நடராஜ முதலியார். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான ‘கீசக வதம்’ அவர் எடுத்தது! அதற்கு முன் அவர் செய்த தொழில்? கார் வியாபாரம், கார் உதிரிபாக வியாபாரம்!

கேமரா பிடிக்க அவர் எங்கே கற்றார்? பூனாவில், ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம். அன்றைக்குத் தமிழ்நாட்டில் சினிமா கல்லூரி ஏது? கற்றுக்கொண்டு திரும்பியவர் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பங்களாவை எடுத்து ஸ்டூடியோ ஆக்கினார். சென்னை வெயிலில் பிலிம் கெட்டுவிடக் கூடாதே! அதற்காக லேப் மட்டும் பெங்களூரில். வார நாளில் ஷூட்டிங், வார இறுதியில் பெங்களூர் போய் பிலிம் கழுவல். ஒரே ஆள்!

இன்னொரு செய்தி, கிரிவலப் பாதையிலேயே கிடைத்தது. 1938-ல் ரமணாசிரமத்துக்கு வந்தார் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம். வந்த இடத்தில் மயங்கி விழுந்தார். ரமணரே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 1944-ல் மாம் ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ நாவலை வெளியிட்டார். அதில் வரும் இந்திய குருவுக்கு முன்மாதிரி ரமணர்தான்! 1946-ல் ஹாலிவுட் அதைப் படமாக்கியது. ஆஸ்கருக்கு 4 பரிந்துரைகள், அதில் ஒன்று சிறந்த படத்துக்கு. துணை நடிகை விருதை ஆன் பாக்ஸ்டர் தட்டிச் சென்றார். திருவண்ணாமலையில் விழுந்த விதை ஆஸ்கர் மேடைவரை போயிருக்கிறது!

உலகின் முதல் சினிமா கல்லூரி எங்கே தெரியுமா? ஹாலிவுட்டில் இல்லை. மாஸ்கோவில்! ஆண்டு 1919!

அமெரிக்கக் கல்லூரியில் சினிமா படித்துவிட்டு 1935-ல் இந்தியா வந்தார் எல்லிஸ் ஆர்.டங்கன். கூட்டி வந்தவர் வகுப்புத் தோழர் மாணிக் லால் டாண்டன். டங்கனுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் ‘சதி லீலாவதி’யை இயக்கினார். 1936-ல் வெளியான அந்தப் படத்தில் சின்ன வேடத்தில் அறிமுகமான இளைஞர் யார்? எம்.ஜி.ஆர்! டி.எஸ்.பாலையாவுக்கும் அதுதான் வாசல். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் ‘மீரா’வும் டங்கன் கைவண்ணமே. ஊர் திரும்பியது 1950-ல். 15 வருஷம்! மொழி தெரியாது என்று தயங்குபவர்கள் இந்தப் பத்தியை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்!

‘சென்னைக்குப் போனால்தான் சினிமா’ என்கிறீர்களா? டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் சேலத்தில் இருந்தது. எடுத்த படங்கள் 100-க்கும் மேல்! சுந்தரம் இங்கிலாந்துக்குப் போய்ப் படித்துவந்தது என்ன? ஜவுளித் தொழில்நுட்பம்!

எல்.வி.பிரசாத்! இந்தியாவின் முதல் பேசும்படம் ‘ஆலம் ஆரா’. அதில் நடித்திருக்கிறார். தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’. அதிலும் இருக்கிறார். தெலுங்கின் முதல் பேசும்படம் ‘பக்த பிரகலாதா’. அதிலும் அவரே! மூன்று மொழி, மூன்று முதல் படம், ஒரே முகம். இன்று அவர் பெயரிலேயே சென்னையில் ஒரு திரைப்படக் கல்லூரி நடக்கிறது!

தரமணியில் இருக்கிறது எம்.ஜி.ஆர் அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். நம் அரசாங்கக் கல்லூரி! பிளஸ் டூ முடித்தால் விண்ணப்பிக்கலாம். 4 வருஷப் பட்டப்படிப்பு. இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலிப்பதிவு, டிஜிட்டல் இன்டர்மீடியட், அனிமேஷன். மொத்தம் 6 துறைகள்! சினிமா என்றதும் ‘டைரக்டர் ஆகணும்’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். மற்ற ஐந்தையும் ஒருமுறை யோசியுங்கள். என் ஓட்டு ஒலிப்பதிவுக்கு!

ஏன் ஒலிப்பதிவு? கேரளத்தின் விளக்குப்பாறை கிராமத்துக்காரர் ரசூல் பூக்குட்டி. புனே திரைப்படக் கல்லூரியில் படித்தது ஒலிப்பதிவு. 2009-ல் கையில் ஆஸ்கர்!

அதே புனே கல்லூரியில் படித்தவர் ஷாஜி என்.கருண். 1994-ல் அவருடைய ‘ஸ்வாஹம்’ கேன்ஸ் போட்டிப் பிரிவுக்குப் போனது. அடுத்த இந்தியப் படம் அந்தப் பிரிவுக்குள் நுழைய எத்தனை வருஷம் ஆயிற்று? 30! நுழைந்தவர் பாயல் கபாடியா. அவரும் அதே புனே கல்லூரி! கிராண்ட் ப்ரீ விருதோடு திரும்பினார்!

புனேயில் படித்த நம்மவரை விடுவோமா? இலங்கை மட்டக்களப்பில் ஒரு பையன். ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படத்தை டேவிட் லீன் இலங்கையில் எடுத்தபோது ஷூட்டிங்கைப் பார்த்தான். அதோடு சரி, சினிமா பிடித்துக்கொண்டது! புனேயில் ஒளிப்பதிவு படித்துத் தங்கப் பதக்கம் வாங்கினான். அந்தப் பையன்தான் பாலுமகேந்திரா!

அவரிடம் உதவியாளராக இருந்தவர்களை எண்ணுங்கள்: பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி. டைரக்டர் ஆகவே வந்து சேர்ந்த இன்னொருவர் பாட்டெழுதப் போய் இரண்டு தேசிய விருது வாங்கினார். நா.முத்துக்குமார்!

வெற்றிமாறன் லயோலாவில் படித்தது ஆங்கில இலக்கியம். எம்.ஏ.வைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் பாலுமகேந்திராவிடம் போனார். அவருடைய இரண்டாவது படம் ‘ஆடுகளம்’. தேசிய விருதுகள் 6!

இப்போது ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணியாகத் தேடிக் கோத்தது, பெருமையோடு தருகிறேன்! ‘கர்ணன்’ எடுத்த பி.ஆர்.பந்துலுவின் உதவியாளர் புட்டண்ணா கனகல். அவருடைய உதவியாளர் பாரதிராஜா. அவருடைய உதவியாளர் பாக்யராஜ். அவருடைய உதவியாளர் பார்த்திபன். அவரிடம் விக்ரமன். அவரிடம் கே.எஸ்.ரவிக்குமார். அவரிடம் சேரன். அவரிடம் ‘பசங்க’ பாண்டிராஜ்! 9 தலைமுறை! ‘கர்ணன்’ வந்தது 1964-ல், ‘பசங்க’ வந்தது 2009-ல். இதைவிடப் பெரிய சினிமா கல்லூரி எங்கே இருக்கிறது? கட்டடமும் இல்லை, நுழைவுத் தேர்வும் இல்லை!

சங்கிலியில் ஒரு முடிச்சு! பந்துலுவின் மகள் பி.ஆர்.விஜயலட்சுமி. ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று கொண்டாடப்படுபவர். அவர் தனியாகக் கேமரா பிடித்த முதல் படம் 1985-ல் வந்த ‘சின்ன வீடு’. இயக்கியவர்? அப்பாவின் சிஷ்யரின் சிஷ்யரின் சிஷ்யர், பாக்யராஜ்!

தங்கைகளே, இன்னொன்று! சுஹாசினி நடிக்க வரவில்லை. சென்னை திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்துவிட்டு அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்தார். கேமராவுக்குப் பின்னால் நின்றவரை முன்னால் நிறுத்தியது மகேந்திரனின் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’. ஆண்டு 1980. அதே படத்துக்காக அசோக்குமாருக்கு ஒளிப்பதிவில் தேசிய விருது. ஐந்தே வருஷத்தில் ‘சிந்து பைரவி’க்காக சுஹாசினிக்கும் தேசிய விருது!

1986, ஆகஸ்ட் 15. தியேட்டரில் ‘ஊமை விழிகள்’. எடுத்தது யார்? திரைப்படக் கல்லூரியில் படித்து வெளியே வந்த ஆபாவாணனும் அரவிந்த்ராஜும் அவர்கள் கூட்டாளிகளும்! வயதான போலீஸ் அதிகாரியாக விஜயகாந்த். கல்லூரிப் பையன்களுக்குப் படமெடுக்கத் தெரியுமா என்று கேட்ட கோடம்பாக்கம் அதன் பிறகு அவர்களைத் தேடி ஓடியது!

பி.சி.ஸ்ரீராமும் ராஜீவ் மேனனும் அதே கல்லூரி. நாசர்? விமானப்படையில் வேலை பார்த்துவிட்டுச் சினிமா படிக்க வந்தவர்!

பெங்களூரில் பஸ் கண்டக்டர். 1973-ல் சென்னைக்கு வந்து பிலிம் சேம்பர் நடத்திய நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவரைப் பார்த்த கே.பாலசந்தர் சொன்னது, ‘தமிழ் கற்றுக்கொள்’. கற்றுக்கொண்டார். 1975-ல் ‘அபூர்வ ராகங்கள்’. பெயரைச் சொல்லவும் வேண்டுமா!

சினிமாவே படிக்காதவர்கள் பட்டியலும் குட்டியாக: மணிரத்னம் எம்.பி.ஏ! ஷங்கர் மெக்கானிக்கல் டிப்ளமோ! மிஷ்கின் புத்தகக் கடை ஊழியர்! லோகேஷ் கனகராஜ் பேங்க் ஊழியர்! மணிரத்னம் யாரிடமும் உதவியாளராக இருந்ததே இல்லை. முதல் படம் தமிழும் இல்லை, கன்னடம். 1983-ல் வந்த ‘பல்லவி அனுபல்லவி’. கேமரா யார் தெரியுமா? பாலுமகேந்திரா!

கலைஞர் டி.வி.யின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சிக்கு 10 நிமிஷக் குறும்படம் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் நலன் குமரசாமி, கார்த்திக் சுப்பராஜ். 2012-ல் ‘பீட்சா’. 2013-ல் ‘சூது கவ்வும்’. இரண்டிலும் ஹீரோ ஒருவரே. விஜய் சேதுபதி!

இனி வருவது நான் மார்தட்டிச் சொல்லும் விஷயம். விஜய் சேதுபதி துபாயில் அக்கவுன்டன்ட். ஊர் திரும்பிய பிறகு சென்னை கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் சேர்ந்தார். நடிகராக இல்லை, அங்கேயும் அக்கவுன்டன்ட்! கணக்கு எழுதிக்கொண்டே நடிகர்களின் பயிற்சியைப் பார்த்துப் பார்த்துக் கற்றார்.

அந்தக் கூத்துப்பட்டறையை 1977-ல் தொடங்கியவர் ந.முத்துசாமி. அவரை உலுக்கியெடுத்தது ஒரு தெருக்கூத்து. ஆடியவர் புரிசை நடேசத் தம்பிரான்! பிறகு பட்டறை நடிகர்களுக்குக் கூத்து அடவுகளைச் சொல்லிக்கொடுத்தவர் புரிசை கண்ணப்பத் தம்பிரான்! புரிசை எங்கே இருக்கிறது? செய்யாறு பக்கம். உங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில்!

ஆமாம், பசுபதி, விமல், விதார்த், விஜய் சேதுபதி எல்லோரும் பயின்ற பட்டறையின் வேர் உங்கள் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. தரமணி பாடத்திட்டம் வருவதற்கு முன்பே உங்களூர்க் கூத்துக் கலைஞர்கள் நடிப்பு, குரல், ஒப்பனை, இசை நான்கையும் தாத்தாவிடமிருந்து பேரனுக்குக் கடத்திக்கொண்டிருந்தார்கள். புரிசைக்காரர்கள் மகாபாரதத்தோடு நிற்கவும் இல்லை. ஜெர்மனியின் பிரெக்ட் நாடகத்தைக் கூத்தாக ஆடியிருக்கிறார்கள். கொலம்பியாவின் மார்க்வெஸ் கதையையும் கூத்தாக ஆடியிருக்கிறார்கள்! உலக இலக்கியம் செய்யாறு பக்கத்தில் மத்தளம், முகவீணையோடு!

திருவண்ணாமலைக்காரர் பவா செல்லதுரை கதை எழுதுகிறவர், கதை சொல்கிறவர். 2016-ல் ‘ஜோக்கர்’ படத்தில் நடிகராகவும் வந்து நின்றார். அந்தப் படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது!

ஊர்ப் பேரையே படத்துக்கு வைத்தவர் பேரரசு. 2008-ல் அர்ஜுன் நடித்த ‘திருவண்ணாமலை’!

இரண்டரை மணி நேரப் படம். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். மொத்தம் எத்தனை? 2,16,000! எடிட்டிங் படிக்கப் போகிறவர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்!

கையில் கேமரா இல்லையா? செல்போன் இருக்கிறதே! அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கர் ‘டேஞ்சரின்’ படத்தை எடுத்தது ஐபோனில். வெளியானது 2015. பத்தே வருஷத்தில், 2025 ஆஸ்கர் மேடையில், ‘அனோரா’ என்ற ஒரே படத்துக்காக அவர் கைக்கு வந்த சிலைகள் 4!

காலேஜில் இடம் கிடைக்கவில்லையா? ஸ்பீல்பெர்க்குக்கே கிடைக்கவில்லை! அவர் ஆசைப்பட்ட சினிமா கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வேறு கல்லூரியில் சேர்ந்து, பாதியில் விட்டு, உலகப் புகழ் பெற்று, 2002-ல் திரும்பிப் போய்ப் பட்டத்தை முடித்தார். பாடத்துக்காக அவர் சமர்ப்பித்த மாணவர் படம் என்ன? 7 ஆஸ்கர் வாங்கிய ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’!

சென்னைக்கு எப்படிப் போவது என்கிறீர்களா? திருவண்ணாமலையில் இருந்து சென்னை கடற்கரைக்கு நேரடி ரயில் 2024 மே மாதம் வந்துவிட்டது. தொடங்கியபோது டிக்கெட் விலை? வெறும் 50 ரூபாய்!

பிளஸ் டூ முடித்தவர்களே, தரமணி விண்ணப்பத் தேதியைக் கோட்டை விடாதீர்கள். டிகிரி முடித்தவர்களே, புனே, கொல்கத்தா திரைப்படக் கல்லூரிகள் இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு, இன்றே விசாரியுங்கள். அதற்குள் பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து வந்தால், செல்போனை முழுசாக சார்ஜ் போட்டுக்கொண்டு போய், கலைஞர்களிடம் அனுமதி கேட்டு, விடியும்வரை உட்கார்ந்து ஐந்து நிமிஷப் படம் ஒன்று எடுத்துவிடுங்கள்!